படகு ஏறுமுன் ஒரு கணக்கு

(பழைய மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"பத்து நிமிஷம் பேசுப்பா, கணக்குப் போட்டு எல்லாரையும் தூங்க வச்சிராதே" என்று சொல்லித்தான் செயலாளர் அண்ணன் என்னை மேடை ஏற்றியிருக்கிறார். ஆனாலும் ஒரே ஒரு கணக்கு போடுவேன். பொறுத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று இரவு எங்கள் செட் நண்பர்கள் விடுதி மொட்டை மாடியில் கூடினோம். அடுத்த வருஷம் குடும்பத்தோடு தேக்கடி போய்ப் படகில் சுற்றுவதென்று முடிவு. "நீதான் சிவகிரிக்காரன், கப்பல் வேலை வேற பாக்குற. எந்த சீசன்ல போகலாம், எந்தப் படகுல ஏறலாம்னு நீயே சொல்லு" என்று பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள். அதற்குப் பதிலை இங்கே எல்லோருக்கும் பொதுவாகச் சொல்லிவிடுகிறேன்.

சிவகிரிக்கும் தேக்கடிக்கும் என்ன சம்பந்தம்? எங்கள் ஊருக்கு மேற்கே நிற்கிற சிவகிரி மலையில்தான் பெரியாறு பிறக்கிறது. மலைக்கு இந்தப் பக்கம் விழுகிற மழை எங்கள் குளங்களுக்கு. அந்தப் பக்கம் விழுகிற மழை தேக்கடிக்கு. 1895-ல் பென்னிகுக் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையில் தேங்கிய தண்ணீர்தான் அந்த ஏரி. அன்று மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீருக்கு மேலே நிற்கின்றன. மலைக்கு நேர் பின்னால் இருந்தாலும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர், தேனி, கம்பம், குமுளி என்று சுற்றித்தான் நாங்கள் போகவேண்டும்.

முதலில் காலம். எங்கள் பக்கத்தில் சீசன் என்றாலே குற்றாலம். ஜூனில் சாரல் விழுந்தால் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக் கிளம்பிவிடுவோம். தேக்கடி அப்படியில்லை. நீங்கள் எதைப் பார்க்க ஆசைப்படுகிறீர்கள் என்பதுதான் கேள்வி. நிறைந்த ஏரியும் பச்சை மலையும் வேண்டுமென்றால் மழை ஓய்ந்த டிசம்பர், ஜனவரி. யானையும் காட்டு மாடும் மிளாவும் வேண்டுமென்றால் மார்ச், ஏப்ரல். காட்டுக்குள் தண்ணீர் வற்றினால்தான் அவை கரைக்கு வரும். மழைக்காலத்தில் அவற்றுக்கு எங்கும் தண்ணீர், நம்மைப் பார்க்க வரவேண்டிய அவசியமில்லை!

வேலை விஷயமாக நார்வே போயிருந்தேன். பனிப்பாறை குடைந்த பள்ளத்தாக்கில் கடல் புகுந்து நிற்கும் இடத்தை அங்கே ஃபியோர்டு என்கிறார்கள். சோங்னே ஃபியோர்டு 200 கிலோமீட்டருக்கு மேல் நாட்டுக்குள் போகிறது. அங்கேயும் இதே கதைதான். மே மாதம் பனி உருகி அருவிகள் கொட்டும். ஜூன், ஜூலையில் இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். செப்டம்பரில் கூட்டம் குறைவு, இலைகள் நிறம் மாறும். பெரிய கப்பலில் வசதி அதிகம். ஆனால் நேரோய் ஃபியோர்டு போல 250 மீட்டராகக் குறுகும் இடத்தை ரசிக்கச் சின்னப் படகுதான் சரி.

ஆனால் என் மனதில் நின்றது வேறொன்று. 2012-ல் இத்தாலிக் கரையில் கோஸ்டா கன்கார்டியா கவிழ்ந்து 32 பேர் இறந்தார்கள். அதற்குப் பிறகு, பெரிய பயணக் கப்பல்களில் கிளம்பும் முன்போ கிளம்பியவுடனோ பயணிகளுக்குப் பாதுகாப்புப் பயிற்சி கொடுத்தே ஆகவேண்டும் என்று உலக விதியே வந்துவிட்டது.

இதை ஏன் சொல்கிறேன்? 2009-ல் நாங்கள் இரண்டாம் ஆண்டு. அக்டோபரில் தேக்கடி டூர் போகப் பணம் வசூலித்தவன் நான். "டிக்கெட் கிடைக்கலேன்னா படகுக்காரர்கிட்ட பேசி ஒரு பத்துப் பேரைச் சேர்த்து ஏத்திரலாம்டா" என்று யோசனை சொன்னவனும் நான்தான். செப்டம்பர் 30 இரவு, விடுதி டிவி அறையில் செய்தி. தேக்கடியில் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்துபோனார்கள். விலங்கைப் பார்க்கப் பயணிகள் ஒரே பக்கம் திரண்டதாகச் சொன்னார்கள். புயலில்லை, அலையில்லை. மறுநாள் ஒவ்வொருவனிடமும் பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். என் யோசனையைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

இப்போது அந்த ஒரே கணக்கு. ஆளுக்கு 60 கிலோ. 30 பேர் ஒரு பக்கம் ஓடினால் 1,800 கிலோ. இரண்டு மாருதி 800 காரைவிட அதிகமான பாரத்தைப் படகின் ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தியது போல. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மையைத் தள்ளினாலும் நிமிர்கிறதே, ஏன்? கனமெல்லாம் அடியில். மேல்தட்டில் ஆட்களை ஏற்றினால் அதே பொம்மைக்குத் தலையில் கனம் வைத்த மாதிரி. சாய்ந்தால் நிமிராது.

2023 மே 7-ல் கேரளத்துத் தானூரில் உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அதிலும் ஆள் அதிகம். ஆகவே காலத்தைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் யானையைப் பார்க்க முடியாது, அவ்வளவுதான். படகைத் தவறாகத் தேர்ந்தெடுத்தால் வீடு திரும்ப முடியாது.

நண்பர்களுக்கு என் பதில்: மார்ச் மாதம், காலையில் முதல் படகு. ஏறுமுன் எத்தனை பேருக்கான படகு என்று கேட்போம், தலைகளை எண்ணுவோம். கூடுதலாக இருந்தால் காசு போனாலும் அடுத்த படகு. உயிர்காப்பு உடையைக் குழந்தைகளுக்கு அளவாகப் பார்த்து, படகு நகருமுன் கட்டிவிடுவோம். யானை வந்தாலும் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்ப்போம்.

தம்பி தங்கைகளே, நீங்களும் டூர் போவீர்கள். உங்களில் ஒருவன், "பத்துப் பேரைச் சேர்த்து ஏத்திரலாம்டா" என்பான். அவன் கெட்டவன் இல்லை, என்னைப் போல விவரம் தெரியாதவன். அவனிடம் இந்தக் கணக்கைச் சொல்லுங்கள்.