விலையும் கம்பியும்



தோட்டத்தில் வளர்ந்த நமக்கு ஒன்று நன்றாகத் தெரியும். மங்கு நிறையப் பால் வடிந்தால் மட்டும் போதாது. வாளியில் எடுத்த பால் நேரத்தோடு ஸ்டோருக்குப் போய்ச் சேர வேண்டும். வழியில் தங்கினால் உறைந்துவிடும். சூரிய மின்சாரத்தின் கதையும் இதுதான். அதற்கு முதலீடு தேடிய மூன்று அண்டை நாடுகளை இன்று ஒப்பிட்டுப் பார்ப்போம்.

முதலில் வியட்நாம். 2017இல் அந்நாட்டு அரசு ஒரு யூனிட் சூரிய மின்சாரத்துக்கு 9.35 அமெரிக்க காசு என்று 20 ஆண்டுகளுக்கு விலை உறுதி செய்தது. 2019 ஜூன் முடிவதற்குள் நிலையத்தை இயக்க வேண்டும் என்று கெடுவும் விதித்தது. முதலீட்டாளர்கள் போட்டி போட்டு வந்தார்கள். தாய்லாந்து நிறுவனங்களும் வந்தன. 2018 இறுதியில் ஏறத்தாழ 100 மெகாவாட்டாக இருந்த திறன், 2020 இறுதியில் 16,000 மெகாவாட்டைத் தாண்டியது.

ஆனால், அதை ஏற்றுச் செல்லக் கம்பிகள் போதவில்லை. நின் துவான், பின் துவான் மாநிலங்களில் உற்பத்தியைக் குறைக்கச் சொல்ல நேர்ந்தது. 2023 கோடையில் அணைகளில் நீர் வற்றியபோது வடபகுதி இருண்டது. நடுப்பகுதியிலிருந்து வடக்கே ஏறத்தாழ 500 கிலோமீட்டர் நீளமுள்ள புதிய மின்பாதை 2024 ஆகஸ்டில்தான் திறக்கப்பட்டது.

இந்தோனேசியாவில் நிலைமை வேறு. மின்நிலையங்களுக்கு விற்கும் நிலக்கரிக்கு 2018இல் டன்னுக்கு 70 டாலர் என உச்சவரம்பு கட்டினார்கள். கரி மலிவாக இருக்கும்போது வெயிலில் யார் பணம் போடுவார்? 2022இல் பணக்கார நாடுகள் 2,000 கோடி டாலர் திரட்டித் தருவதாக உறுதி கூறின. அதில் பெரும்பங்கு கடன்.

நம் மலேசியா நிதானமாக நடந்தது. 2011இல் விலை உறுதித் திட்டம் வந்தது. ஆனால் ஆண்டுக்கு இவ்வளவுதான் என்று அளவு வைத்தார்கள். 2016 முதல் பெரிய நிலையங்களுக்கு ஏலம் நடத்தினார்கள். வியட்நாம் கண்ட நெரிசல் இங்கே இல்லை. அந்த வேகமும் இல்லை. 2020இல் நமது சூரியத் திறன் அவர்களுடையதில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கே.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து வருகிறது? வீட்டு மின்கட்டண ரசீதை எடுத்துப் பாருங்கள். கே.டபிள்யூ.டி.பி.பி. என்றொரு வரி இருக்கும். மாதம் 300 யூனிட்டைத் தாண்டும் வீடுகளிடம் 2014 முதல் 1.6 விழுக்காடு வசூலிக்கிறார்கள். அந்த நிதியிலிருந்துதான் கூரைச் சூரியத் தகடுகளுக்கும் செம்பனை ஆலைக் கழிவிலிருந்து எடுக்கும் மின்சாரத்துக்கும் உறுதி விலை கொடுபடுகிறது.

ஆகவே, நேயர்களே, நல்ல விலை முதலீட்டை அழைத்து வரும்; கம்பிதான் பயனை நம் வீட்டுக்குக் கொண்டு வரும். அடுத்த முறை புதிய சூரிய நிலையம் பற்றிய செய்தி வந்தால், எத்தனை மெகாவாட் என்பதோடு நிறுத்தாமல், அது எந்தக் கம்பியில் ஏறி யார் வீட்டுக்குப் போகிறது என்றும் கேட்போம். பணம் கட்டுகிற நமக்கு அதைக் கேட்கும் உரிமை உண்டு.