பதிவேட்டிலிருந்து தரவுத்தளத்திற்கு



பள்ளியின் சேர்க்கைப் பதிவேட்டை நீங்கள் அறிவீர்கள். மாணவர் ஒருவருக்கு ஒரு வரிசை. பெயர், பிறந்த நாள், வகுப்பு எனத் தனித்தனிக் கட்டங்கள். அத்தகைய பதிவேட்டைக் கணிப்பொறியில் பேணி, கேட்ட விவரத்தை நொடியில் எடுத்துத் தருவதே தரவுத்தள மென்பொருளாகும். இவ்வாறு அட்டவணைகளாக விவரங்களை அமைக்கும் நெறியை 1970ஆம் ஆண்டில் எட்கர் காட் என்னும் அறிஞர் வகுத்தளித்தார்.

பெரும்பொருள் இருந்தால்தான் இதனைக் கற்க முடியும் என்று எண்ணி ஒதுங்குவோர் உண்டு. அவ்வச்சம் வேண்டா. அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 1986இல் தொடங்கிய முயற்சியின் வழிவந்தது போஸ்ட்கிரெஸ்கியூஎல். அதற்கு விலை இல்லை. அதன் மூல நிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறர்க்கும் வழங்கலாம். எவருடைய பரிந்துரையும் தேவையில்லை. அதன் முழுக் கையேடும் இலவசமே. கட்டணம் கட்ட இயலாமையால் இக்கல்வி நம் பிள்ளைகளுக்கு எட்டாமற்போதல் ஆகாது.

உபுண்டு இயங்குதளத்தில் 'சூடோ ஆப்ட் இன்ஸ்டால் போஸ்ட்கிரெஸ்கியூஎல்' என்னும் ஒரே கட்டளை போதும். விண்டோஸில், நிறுவும் கோப்பை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்தே இறக்குக. இடையில் அது கேட்கும் கடவுச்சொல்லை மறவாது குறித்துக்கொள்க. 5432 என்னும் வாயில் எண்ணை மாற்றாது விடுக.

தொடக்கநிலையினர் இடறும் இடம் இனித்தான் வருகிறது. நிறுவிய பின் திரையில் எதுவும் தோன்றாது. முயற்சி தோற்றதென்று கருதிப் பலர் அதனை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவுவர். உண்மையில், பதிவேட்டைக் காக்கும் சர்வர் பின்னணியில் ஓசையின்றி இயங்குகிறது. அதனிடம் கேட்பதற்குப் பிஎஸ்கியூஎல் என்னும் வேறொரு நிரலைத் திறத்தல் வேண்டும். அலுவலகத்தில் ஆவண அறை வேறு, விண்ணப்பம் வாங்கும் சாளரம் வேறு அன்றோ?

பிழைச் செய்தி கண்டு அஞ்சற்க. அதனை நிறுத்திப் படியுங்கள். 'இணைப்பு மறுக்கப்பட்டது' எனில், பெரும்பாலும் சர்வர் இயங்கவில்லை, அல்லது வாயில் எண் தவறு. 'கடவுச்சொல் பொருந்தவில்லை' எனில், சர்வர் நலமாக இயங்குகிறது, விடையளிப்பதும் அதுவே. 'அப்பெயரில் பயனர் இல்லை' எனில், உங்கள் கணிப்பொறிப் பெயரைத் தரவுத்தளம் இன்னும் அறியவில்லை. 'போஸ்ட்கிரெஸ்' என்னும் முதற்பயனராக நுழைந்து, உங்களுக்கென ஒரு பெயரைப் படைத்துக்கொள்ளுங்கள்.

நிறுவியதோடு நின்றுவிடாதீர்கள். வீட்டிலுள்ள நூல்களின் பட்டியலையேனும் ஓர் அட்டவணையாக்கி, பத்து வரிசைகள் எழுதி, வினவிப் பாருங்கள். தாம் கற்றதை அடுத்த தம்பிக்கும் தங்கைக்கும் உடனமர்ந்து காட்டுங்கள். ஒரு வீட்டில் ஏற்றிய விளக்கு தெருவிற்கே ஒளி தரட்டும்.