மூணு முடிச்சு

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, பாவு எது, ஊடை எது, சரிகை எதுன்னு பிரிச்சு வெச்சுப் பட்டு நெய்கிற காஞ்சிபுரத்துப் பெருமக்களே!

'குப்பைமேடு பற்றி எரியக் காரணம் நிர்வாகமா, மக்களா?' என்பது தலைப்பு. மக்களே என்று பேச வந்திருக்கிறேன். எதிரணித் தம்பி என்ன சொன்னாரு? "வெயில் காலத்துல தானா எரியுதுங்க, மாநகராட்சி பாத்துக்க வேணாமா?"ன்னாரு. அடுப்பும் விறகும் இல்லாம எப்படித் தம்பி எரியும்?

கேளுங்க. மிச்சச் சோறு, வாழை இலை, காய்கறித் தோல் எல்லாம் காற்றுப் படாம புதைஞ்சு அழுகினா மீத்தேன் வாயு உண்டாகுது, சூடும் பிறக்குது. பக்கத்துலயே பிளாஸ்டிக், துணி, செல்போன் பேட்டரி. ஒரு பொறி போதாதா? இத்தனையையும் ஒரே பையில போட்டது யாரு? நாம. அதுவும் எப்படி? தாலிக்குப் போடுற மூணு முடிச்சைக் குப்பைப் பைக்கும் போட்டுட்டோம். அப்புறம் யாரு பிரிக்க முடியும்? (சிரிப்பு)

2022 ஏப்ரல் 27. சென்னை பெருங்குடிக் குப்பைக் கிடங்கு பற்றிக்கொண்டது. தீயணைப்பு வீரர்கள் நாள்கணக்கில் போராடினார்கள். 2023 மார்ச் 2. கொச்சி பிரம்மபுரம். பத்து நாளுக்கு மேல் புகை; பள்ளிகளுக்கு விடுமுறை. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் கொச்சி மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் விதித்தது. "பாத்தீங்களா, தண்டனை நிர்வாகத்துக்குத்தானே!" என்பார்கள் எதிரணியினர். சரி, அபராதம் மாநகராட்சிக்கு. புகை யாருக்கு ஐயா? மேட்டோரக் குடிசையில் தூங்குகிற குழந்தைக்கு! (கைதட்டல்)

நெருப்புக்குத் தலம் திருவண்ணாமலை. மண்ணுக்குத் தலம் நம்ம காஞ்சி. குப்பைமேட்டுத் தீக்கும் மண்தான் மருந்து. தண்ணி மட்டும் ஊத்தினா மேலே அணையும், உள்ளே கனன்றுகிட்டே இருக்கும். கிளறி நனைச்சு, மண் போட்டு மூடணும். அன்றாடம் மண் மூடுவது, வாயு வெளியேறக் குழாய் பதிப்பது, காவல் போடுவது எல்லாம் நிர்வாகத்தின் கடமை, மறுக்கவில்லை. ஆனா, கலந்த குப்பை வந்துகிட்டே இருந்தா எத்தனை லாரி மண் போதும்?

மக்குவது, மக்காதது, பேட்டரி போன்ற ஆபத்தானது என்று வீட்டிலேயே மூன்றாகப் பிரிக்கச் சொல்லி 2016லேயே விதி வந்துவிட்டது. தறியில் ஒரு இழை மாறினாலும் கண்டுபிடிக்கிற ஊருக்கு இது பெரிய வேலையா? பிரிச்சா சோறு உரமாகும், பிளாஸ்டிக் காசாகும். மேட்டுக்குப் போறது கொஞ்சம்தான். எரிய என்ன மிஞ்சும்?

ஆகவே நடுவர் அவர்களே, தீ தெரிவது கிடங்கில். மூட்டியது நம் வீட்டு வாசலில். மக்களே காரணம், மாற்றக்கூடியவர்களும் மக்களே என்று தீர்ப்பு வழங்குமாறு வேண்டி அமர்கிறேன். (கைதட்டல்)