மண்டையிடியும் பெண்ணும்



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் ஒரு தலைவலியாகும். இந்த மேடையில் தலைவலிக்கு என்ன வேலை என்று சிலர் சிரிக்கக்கூடும். வேலை இருக்கின்றது.

டாக்டர்கள் இதற்கு ‘கிளஸ்டர்’ தலைவலி, அதாவது கொத்துக் கொத்தாய் வருகிற தலைவலி என்று பெயரிட்டிருக்கிறார்கள். ஏறக்குறைய ஆயிரம் பேரில் ஒருவருக்கு வருவது. ஒரு பக்கத்துக் கண்ணைச் சுற்றியே வலிக்கும். அந்தக் கண் சிவந்து நீர் வடியும்; இமை தொங்கும்; அந்தப் பக்கத்து மூக்கு அடைக்கும் அல்லது ஒழுகும். கால்மணி முதல் மூன்று மணி நேரம் வரை இருக்கும். ஒரே நாளில் எட்டுத் தடவை வருவதுமுண்டு. சாதாரண ஒற்றைத் தலைவலிக்காரர் இருட்டில் அசையாமல் படுத்துக்கொள்வார். இந்த வலிக்காரராலோ படுக்கவே முடியாது. எழுந்து உலாவுவார், சுவரில் தலையை முட்டிக்கொள்வார். அநேகமாய் நடுநிசியில், கடிகாரம் வைத்ததுபோல் தினம் அதே நேரத்தில் வரும். சில வாரமோ சில மாதமோ இப்படி ஆட்டிவிட்டுத் தானாகவே நின்று, பிறகு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில், தலைகாட்டாது.

இதை நம் தஞ்சைப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு வந்ததாக வைத்துக்கொண்டு பாருங்கள். நடவு நட்டு அலுத்துப் படுத்தவள் நடுநிசியில் எழுந்து, தலைமயிர் கலைய, ஒரு கண் சிவக்க, வாசலுக்கும் கொல்லைக்குமாய் அலைகிறாள். தூணில் தலையை மோதுகிறாள். மறுநாளும் அதே நேரம். வீட்டார் என்ன சொல்லுவார்கள்? வாய்க்கால் கரையில் காத்துக் கருப்பு அண்டிவிட்டது என்பார்கள். வேப்பிலை வரும், தாயத்து வரும், குறிகாரன் வருவான். ஒரு மண்டலம், 48 நாள் கோயிலில் கிடக்கச் சொல்லுவார்கள். வலி தானாய் நிற்கிற காலமும் ஏறக்குறைய அவ்வளவுதான்! நின்றால் பெருமை பூசாரிக்கு. அடுத்த வருஷம் திரும்ப வந்தால் குற்றம் அவளுக்கு. விரதத்தில் ஏதோ குறை வைத்துவிட்டாளாம். அதே வலி அவள் புருஷனுக்கு வந்தால், விடிந்ததும் பஸ் ஏற்றி டாக்டரிடமல்லவா கூட்டிப்போகிறோம்?

பாமர மக்களை மாத்திரம் குறை சொல்லுவது நியாயமல்ல. படித்தவர்கள் செய்ததையும் கேளுங்கள். 1939ல் அமெரிக்காவில் மேயோ வைத்தியசாலை டாக்டர் ஹார்ட்டன் முதலானோர் இந்நோயை விவரித்து எழுதினார்கள். பிற்காலத்தில் இது ஆண்களின் நோய் என்றே பாடஞ் சொல்லப்பட்டது. இந்நோயாளிக்குச் சிங்கம் போன்ற முகமிருக்கும் என்றுகூட ஒரு டாக்டர் எழுதினார். சிங்க முகமுள்ள பெண்ணுக்கு நாம் எங்கே போவது?

இத்தாலியில் 1998ல் வெளியான கணக்கைப் பாருங்கள். 1960க்கு முன் நோய் கண்டவர்களில் ஒரு பெண்ணுக்கு ஆறு ஆண்கள். 1990க்குப் பின் கண்டவர்களில் ஒரு பெண்ணுக்கு இரண்டே ஆண்கள். பெண்கள் வெளிவேலைக்குப் போனதும் சிகரெட் பிடித்ததும் காரணமாயிருக்கலாம் என்றார்கள். அதில் கொஞ்சம் உண்மை இருக்கட்டும். ஆனால் டென்மார்க்கில் 2017ல் கண்டது என்ன? முதலில் வேறு நோயின் பெயர் சொல்லப்பட்டவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 45 பேர். பெண்களில் நூற்றுக்கு 61 பேர்! பெண்ணுக்கு இது வராது என்று தேடாமலிருப்பது, தேடாததால் கிடைப்பதில்லை, கிடைக்காததால் வராது என்று மறுபடியும் எழுதுவது. பெண்ணுக்குப் படிப்பு ஏறாது என்று பள்ளிக்கூடக் கதவைச் சாத்தி வைத்த சாஸ்திரத்துக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

இன்றும் இந்நோய் ஆண்களுக்கே அதிகம் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் குறைவாக வருவது லேசாக வருவதாகாது. ஸ்வீடனில் கரோலின்ஸ்கா ஆராய்ச்சியாளர்கள் 874 நோயாளிகளை விசாரித்து 2022ல் வெளியிட்டார்கள். அவர்களில் 299 பேர் பெண்கள். வருஷம் முழுவதும் ஓயாமல், ஓய்ந்தாலும் மூன்று மாதங்கூட ஓயாமல் அவஸ்தைப்படுகிறவர்கள் ஆண்களில் நூற்றுக்கு 9, பெண்களில் 18.

நேரந்தவறாமல் வருவதுதானே பேய்க்கு அத்தாட்சியாகச் சொல்லப்படுகிறது? 1998ல் லண்டனில் வலி வந்த நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள். ஹைப்போதலாமஸ் என்கிற அடிமூளைப் பாகம் வேலை செய்வது தெரிந்தது. தூக்கத்திற்கும் விழிப்புக்கும் நேரம் காட்டும் உடம்பின் கடிகாரம் இருக்குமிடம் அதுவே.

ராஜாக்களைப் புகழுவது நம் வழக்கமல்ல. ஆனாலும் 1798 முதல் 1832 வரை தஞ்சையில் ஆண்ட சரபோஜி, கண் நோயாளிகளின் கண்ணைப் படமாய் வரையச் செய்து, நோயின் விவரத்தையும் எழுதி வைக்கச் செய்தார். அவை இன்றும் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. அந்த வேலையை நம் வீட்டில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் செய்யலாம். எந்தப் பக்கம், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், கண் சிவந்ததா, நீர் வடிந்ததா, படுத்தாளா நடந்தாளா என்று எழுதுங்கள். அவள் சொல்லுவதை அவள் வார்த்தையிலேயே எழுதுங்கள். அதைத் தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி போன்ற இடத்தில் நரம்பு வைத்தியரிடம் காட்டிக் கேளுங்கள்.

சாதாரண மாத்திரை கரைவதற்குள் இந்த வலி தன் காரியத்தை முடித்துக்கொண்டு போய்விடும். சுமாட்ரிப்டான் ஊசி சீக்கிரம் கேட்கும். இருதய நோயுள்ளவர்களுக்கு ஆகாது. வராமல் தடுக்க வெரப்பமில் உண்டு, அதற்கு ஈ.சி.ஜி. பார்த்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றிலும் எளியது ஆக்சிஜன். நிமிஷத்துக்கு 12 லிட்டர் வீதம் முகமூடி வழியாய்க் கால்மணி நேரம் சுவாசிப்பது. 2009ல் வெளியான பரிசோதனையில் இதனால் நூற்றுக்கு 78 தடவை வலி தணிந்தது. வெறுங்காற்றுக்கு 20 தடவையே. டாக்டர் எழுதிக் கொடுத்தால் சிலிண்டரை வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம். அடுப்பும் பீடியும் மாத்திரம் கிட்டே வரக்கூடாது.