மின்சாரம் படிக்கத் தமிழ் எதற்கு?

எதிரணி நண்பர் ரொம்ப சுலபமா கேட்டுட்டார். “மின்னியல் படிக்கிற பையனுக்கு சர்க்யூட் தெரிஞ்சா போதாதா? பட்டம் வாங்கத் தமிழ்ப் பாடத்திலயும் பாஸ் பண்ணணுமா?” (கைதட்டல்) அவருக்கே தட்டுறீங்களே!

கணக்குப் பார்ப்போம். பொறியியல் பட்டத்துக்கு அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு 2018-இல் சொன்ன அளவு 160 கிரெடிட். அண்ணா பல்கலைக்கழகம் 2022-23-இல் முதலாண்டில் சேர்த்தவை ‘தமிழர் மரபு’, ‘தமிழரும் தொழில்நுட்பமும்’. தலைக்கு ஒரு கிரெடிட். சாம்பாருக்குப் பெருங்காயம்! அதுக்கே மூக்கைப் பொத்தினா எப்படி?

செய்யுளை மனப்பாடம் பண்ணவா சொன்னாங்க? இரும்பு உருக்கியது, ஏரி வெட்டியது, சோழர் காலக் குமிழித் தூம்பு, கடைசியில் தமிழ்க் கணினி. தூம்பு தண்ணீரின் ஓட்டத்தை அடக்கியது. இவன் மின்னோட்டத்தை அடக்கப் படிக்கிறான். அண்ணன் தம்பி உறவய்யா!

மயிலாப்பூர் மாட வீதியில் ஒரு பாட்டி. கிரைண்டரைத் தொட்டா சுருக்குங்குது. பட்டதாரிப் பேரன், “எர்த் ஃபால்ட், லீக்கேஜ் கரண்ட்” என்கிறான். பாட்டி “சரிப்பா”ன்னு மறுபடியும் கை வைக்கப் போறாங்க! (சிரிப்பு) சிரிக்காதீங்க, உயிர் போயிடும். “மின்சாரம் பூமிக்கு இறங்கற கம்பி அறுந்துபோச்சு பாட்டி, தொடாதீங்க!” இதைச் சொல்லத் தெரியாதவன் முழு எஞ்சினியரா?

இரண்டு கிரெடிட்டில் எல்லாம் வந்துடுமா? வராது. ஆனா, “இதுவும் உன் வேலைதான்”னு பட்டம் தர்றவங்க சொல்லணும். கிண்டிக் கல்லூரி 1794-இல் நில அளவைப் பள்ளியாகப் பிறந்தது. நிலத்தை அளந்தா போதாது, அதில் வாழற மனுஷனையும் தெரிஞ்சுக்கணும். தமிழ் வேண்டும் என்றே தீர்ப்பளியுங்கள்.