இரண்டாம் சாட்சி



புயத்தில் ஒட்டிக்கொண்டு 14 நாள்வரை சர்க்கரை பார்க்கும் சென்சாருக்காகக் கர்த்தரை ஸ்தோத்திரிக்கிறோம். ஆனால் அது அளப்பது இரத்தத்தை அல்ல, தோலுக்கடியிலுள்ள திசுநீரை. ஆகையால் இரத்தச் சர்க்கரை வேகமாய் இறங்கும்போது, அது சில நிமிடங்கள் பிந்தியே காட்டும். அந்தக் கையின்மேல் படுத்து உறங்கினாலோ, இறங்காத சர்க்கரையையும் இறங்கினதாகக் காட்டக்கூடும்.

ஒரே சாட்சியை வைத்துத் தீர்ப்புச் சொல்ல நியாயப்பிரமாணம் இடங்கொடுக்கவில்லை (உபாகமம் 19:15). வார்டில் ஜெபிக்கச் செல்லும்போது நாங்களும் அதையே சொல்லுகிறோம்: கருவி 110 என்று காட்டினாலும், உடல் வியர்த்து நடுங்கினால் விரலில் குத்திப் பாருங்கள், பார்க்க வழியில்லாவிட்டால் உடனே சர்க்கரை சாப்பிடுங்கள்.

சென்சாருக்குக் காணிக்கை அனுப்பும் அன்பர்களே, விரல் பரிசோதனை ஸ்ட்ரிப்புகளுக்கும் சேர்த்து அனுப்புங்கள். சரிபார்ப்பது அவிசுவாசமல்ல, ஒப்புவிக்கப்பட்ட உயிருக்கு நாம் செய்யும் உக்கிராணத்துவம்.