ரங்கூனில் நான்கு நாட்கள்

(எமது வானொலியின் மாதாந்த உரைத் தொடரில் ஒலிபரப்பான உரையின் எழுத்து வடிவம்)



வரிப் படிவம், ஓய்வூதியம் என்று கணக்கு விடயங்களையே பேசிப் பேசி உங்களைச் சலிப்படைய வைத்திருப்பேன். இன்று ஒரு மாறுதலுக்காகப் பயணக் கதை ஒன்று சொல்லப் போகிறேன். 2018 ஜனவரியில் நானும் மனைவியும் நான்கு நாட்கள் ரங்கூனில் தங்கியிருந்தோம். 1989 இல் அந்த நகரத்தின் பெயரை யாங்கூன் என்று மாற்றிவிட்டார்கள். ஆனாலும் எங்கள் பெரியவர்களின் வாயில் அது ரங்கூன்தான். அது இப்போது தலைநகரமும் அல்ல. 2005 நவம்பரில் இராணுவ அரசு தன் அலுவலகங்களை நேப்பிடோ என்னும் புதிய ஊருக்கு நகர்த்தத் தொடங்கியது. ஆனால் சனமும் சந்தையும் கோயிலும் துறைமுகமும் ரங்கூனை விட்டுப் போகவில்லை.

ஏன் ரங்கூனுக்குப் போனீர்கள் என்று பலர் கேட்டார்கள். அதற்கு நான் மதராசில் இருந்து தொடங்க வேண்டும்.

1980களின் பிற்பகுதியில், ஊரில் இருக்க முடியாமல் இந்தியாவுக்குப் போய், மதராசில் பி.கொம் படித்துக்கொண்டிருந்தேன். கையில் காசு இருக்காது. துறைமுகத்தை ஒட்டிய பர்மா பஜார் பக்கம் மாலையில் தள்ளுவண்டிக் கடைகள் போடுவார்கள். அங்கே 'அத்தோ' என்று ஒரு சாப்பாடு. அவித்த நூடில்ஸில் கோவா, வெங்காயம், புளிக்கரைசல், பொரித்த உள்ளி, மிளகாய்த்தூள் எல்லாம் போட்டுக் கையாலேயே பிசைந்து தருவார்கள். பக்கத்தில் ஒரு கிண்ணத்தில் வாழைத்தண்டு போட்ட சூப். விலை மலிவு, வயிறும் நிறையும்.

நான் வழக்கமாகச் சாப்பிட்ட கடையை நடத்தியவர் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. என் பேச்சைக் கேட்டதும், "சிலோனா தம்பி?" என்றார். ஓம் என்றேன். "நாங்களும் உங்கள மாதிரிதான். நீங்க வெடிச் சத்தம் கேட்டு ஓடி வந்தீங்க. எங்கள சத்தமே இல்லாம அனுப்பிட்டாங்க" என்றார். அன்றிலிருந்து எனக்கு ஒரு கரண்டி கூடுதலாக விழும்.

அவர்களுக்கு நடந்தது என்ன என்பதைப் பிறகுதான் படித்தேன். 1931 குடிசன மதிப்பீட்டின்படி ரங்கூன் நகர மக்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இந்திய வம்சாவளியினர். துறைமுகக் கூலிகள், ரிக்சா இழுப்போர், எழுதுவினைஞர், கடைக்காரர், வட்டித்தொழில் செய்த செட்டியார்கள் என்று அதில் எல்லோரும் அடக்கம். 1930களில் நெல் விலை விழுந்தபோது, கடனுக்கு ஈடாக விவசாயிகளின் நிலங்கள் செட்டியார்களின் கைக்கு வந்தன. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் அவர்களுக்கு இருந்த நிலம் 1930 இல் சுமார் 6 வீதம், 1938 இல் சுமார் 25 வீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயிக்கு எப்படி இருந்திருக்கும் என்பதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அந்தக் கோபம் செட்டியாரோடு நிற்கவில்லை, கூலி வேலை செய்தவன் மேலும் விழுந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியர் ரங்கூன் மீது குண்டு வீசினார்கள். அதன் பின்னர் லட்சக்கணக்கானோர் காட்டு வழியே இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர் ஏராளம்.

தப்பியவர்களும் திரும்பிப் போனவர்களும் இரண்டாவது அடியை 1964 இல் வாங்கினார்கள். ஜெனரல் நே வினின் அரசு அந்த வருடம் கடைகளைத் தேசியமயமாக்கியது. மே மாதத்தில் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவித்தது. கடையும் இல்லை, பெட்டியில் இருந்த நோட்டுக்கும் மதிப்பில்லை. கப்பல் ஏறியவர்கள் நகையோ பணமோ பெயருக்குத்தான் கொண்டுவர முடிந்தது. தமிழ்நாட்டுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்தார்கள். அதே 1964 இல், ஒக்டோபர் 30 ஆம் திகதி, சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தமும் கையெழுத்தானது. எங்கள் மலையக மக்களில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசலாம் என்று எழுதினார்கள். கணக்காளன் என்பதால் எனக்கு எண்களோடு பழக்கம் உண்டு. ஆனாலும் மனிதரை இப்படி ஐந்தொகைபோலப் பிரித்து எழுதியதை வாசிக்கும்போது இன்றும் மனம் கூசுகிறது.

அந்த அம்மா ஒருநாள் சொன்னார்: "நீ படிச்சவன். நாலு தேசம் போவ. எப்பயாவது ரங்கூன் போனா பிரேசர் தெருக் காளி கோயில்ல எனக்காக ஒரு கற்பூரம் கொளுத்து தம்பி. எங்க அண்ணன் அங்கேயே தங்கிட்டாரு. இருந்தா பாத்துட்டு வா." சரி அம்மா என்றேன். இருபது வயதில் எதற்கும் சரி என்றுதான் சொல்வோம். நான் போய்ச் சேர முப்பது வருடம் பிடித்தது.

சரி, நகரத்துக்கு வருவோம். ரங்கூன் கடற்கரையில் இல்லை. கடலில் இருந்து ஆற்று வழியே உள்ளே போக வேண்டும். 1852 யுத்தத்தில் நகரைப் பிடித்த ஆங்கிலேயர், சூலே பகோடாவை நடுவில் வைத்துக் கட்டம் கட்டமாக வீதி போட்டார்கள். அதனால் வழி தவறுவது கடினம். குறுக்கு வீதிகள் பலவற்றுக்கு வெறும் இலக்கந்தான் பெயர். பழைய மாடிக் கட்டடங்களின் பல்கனிகளில் இருந்து நீளமான கயிறுகள் தொங்கும். நுனியில் ஒரு கவ்வியோ பையோ இருக்கும். பத்திரிகைக்காரனும் மரக்கறிக்காரியும் அதில் மாட்டிவிட, மேலே இருப்பவர் இழுத்துக்கொள்வார்.

சுவேடகோன் பகோடாவைப் பார்க்காமல் வந்தால் ரங்கூன் போனதாகவே கணக்கில்லை. குன்றின் மேல் சுமார் 99 மீற்றர் உயரத்தில் பொன்னாக நிற்கிறது. மாலை வெயிலில் பார்க்க வேண்டும். பிறந்த கிழமைக்கு ஒரு சந்நிதி உண்டு. புதன்கிழமையை முற்பகல், பிற்பகல் என்று இரண்டாக்கி மொத்தம் எட்டு. நான் பிறந்தது சனிக்கிழமை. எனக்கு நாகம். சனிக்குப் பாம்புதான் பொருத்தம் என்றார் மனைவி. புத்தரின் கேசத்தைத் தபுசா, பல்லிகா என்ற இரு வணிகர்கள் கொண்டுவந்து இங்கே வைத்ததாக ஐதீகம். இதே இரு வணிகர்களின் பெயரைத்தான் எங்கள் திருகோணமலைத் திரியாயில் உள்ள பழைய தாதுகோபத்தோடும் சேர்த்துச் சொல்வார்கள். திரியாயில் இருந்து இடம்பெயர்ந்த நேயர்கள் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால், உங்கள் ஊர்ப் பெயர் அங்கே எனக்கு நினைவு வந்தது என்று சொல்லி வைக்கிறேன்.

அடுத்து சாப்பாடு. காலையில் மொஹிங்கா. மீன், சேரை எனப்படும் எலுமிச்சைப் புல், வாழைத்தண்டு, கடலை மா சேர்ந்த குழம்பை மெல்லிய அரிசி நூடில்ஸ் மேல் ஊற்றித் தருவார்கள். எங்கள் கூழ் குடித்து வளர்ந்த நாக்குக்கு உடனே பிடிக்கும். தேங்காய்ப்பாலில் செய்யும் ஒன்னோ கௌசுவே, ஊறவைத்த தேயிலையை வறுத்த பருப்பு, கச்சானோடு பிசையும் லபெத் ஆகியவற்றையும் சாப்பிட்டோம். தெருவோரம் ஒரு பெண் தோசை வார்த்துக்கொண்டிருந்தார். பர்மிய மொழியிலும் அதற்குத் 'தோஷே' என்றே பெயர். தேநீர்க்கடைகளில் பரிமாறும் பையனைக் கூப்பிட முத்தம் கொடுப்பதுபோல உதட்டால் ஒலி எழுப்புவார்கள். நானும் முயன்றேன். மனைவி அடுத்த மேசைக்குப் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காளி கோயிலுக்குப் போனோம். பிரேசர் வீதிக்கு இப்போது அனோரதா வீதி என்று பெயர். கோயில் 1871 இல் தமிழர் கட்டியது. கோபுரம் நம்மூர்க் கோபுரம்போல வர்ணமயமாக இருக்கிறது. உள்ளே பர்மியப் பெண்களும் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள். கற்பூரம் ஏற்றினேன்.

பிறகு அங்கே லோஞ்சி கட்டிய ஒரு முதியவரிடம் பேச்சுக் கொடுத்தேன். அவர் தமிழ் பேசினார், நடுவே பர்மியச் சொற்கள் விழுந்தன. தமிழ் எழுத்து வாசிக்க வராது என்றார். வீட்டில் ஒரு தமிழ்ப் பெயர், வெளியில் ஒரு பர்மியப் பெயர். 1982 பிரஜாவுரிமைச் சட்டப்படி, 1823 க்கு முன்னரே குடியிருந்த இனத்தவர்தான் பிறப்பாலேயே முழுப் பிரஜைகள். தமிழர் அந்த இனப் பட்டியலில் இல்லை. 1948 இல் மலையக மக்களின் பிரஜாவுரிமையைப் பறித்த எங்கள் நாட்டுச் சட்டத்தை அறிந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

அந்த அண்ணனைப் பற்றி அவரிடம் கேட்டேன். "பேர் என்ன?" என்றார். அப்போதுதான் விளங்கியது. அந்த அம்மா 'அண்ணன்' என்று மட்டுமே சொன்னார். பெயரை நான் கேட்கவில்லை. தெருவைக் கேட்கவில்லை. அம்மாவின் முழுப் பெயர்கூட எனக்குத் தெரியாது. முதியவர் சிரித்துவிட்டு, "இங்கே எல்லாரும் யாருக்கோ அண்ணன்தான்" என்றார்.

திரும்பும் வழியில் சென்னையில் இறங்கி அந்தக் கடையைத் தேடினேன். அம்மா காலமாகிப் பல வருடம். மகன் கடை போட்டிருக்கிறார். கற்பூரம் ஏற்றியதைச் சொன்னேன். மாமாவின் பெயர் என்ன என்றும் கேட்டேன். "அம்மா அண்ணன்னுதான் சொல்லும் சார். கடுதாசி வரது எப்பவோ நின்னு போச்சு" என்றார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

இப்போது ரங்கூனுக்குப் போங்கள் என்று நான் சொல்ல மாட்டேன். 2021 பெப்ரவரி 1 இல் இராணுவம் மறுபடியும் ஆட்சியைப் பிடித்தது. 2024 இல் கட்டாய ஆட்சேர்ப்பை அறிவித்ததும் இளைஞர்கள் நாட்டை விட்டு ஓடத் தொடங்கினார்கள். பெற்றோர் பிள்ளையை எல்லை தாண்டி அனுப்பிவிட்டுக் கதவைப் பார்த்துக்கொண்டிருப்பது எப்படி என்று எங்கள் வீடுகளுக்குத் தெரியும். இங்கே உங்கள் வேலைத்தளத்தில் ஒரு பர்மியப் பிள்ளையைக் கண்டால் இரண்டு வார்த்தை பேசுங்கள்.

கடைசியாக ஒன்று. பற்றுச்சீட்டு இல்லாத செலவைக் கணக்கில் ஏற்ற முடியாது என்று என்னிடம் வருபவர்களுக்கு நான் தினமும் சொல்கிறேன். எனக்குச் சாப்பாடு போட்டவரின் கணக்கில் நானே அந்தத் தவறைச் செய்துவிட்டேன். உங்கள் வீட்டில் அம்மா, அப்பா, பெரியம்மா யாராவது இருந்தால், இந்த வாரம் ஒரு கொப்பியை எடுத்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள். யார் எங்கே தங்கினார்கள், முழுப் பெயர் என்ன, எந்த ஊர், எந்த வீதி, எந்த வருடம் என்று கேட்டு எழுதுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்த மாதம் மீண்டும் வரிப் படிவத்தோடு வருகிறேன்.